ஸ்டென்ட் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் அட்டை பல வருடங்களாகக் கையில் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் வெளிநோயாளர் மையமான பாலிகிளினிக்கில் சர்க்கரை மாத்திரை வாங்குவதைத் தவிர அதற்குப் பெரிய வேலை வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி. திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள மருத்துவமனை ஒன்றரை மணி நேரத் தூரம். வியர்த்து நனைந்து கிடந்தவரை அவ்வளவு தூரம் கொண்டுபோக மனம் துணியவில்லை. பக்கத்திலிருந்த, பட்டியலில் இல்லாத தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். விடிவதற்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, இதய ரத்தக்குழாய் அடைபடாமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துவிட்டார்கள். அந்த மருத்துவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அலைச்சல் பிறகுதான் தொடங்கியது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் நின்றால், கவுன்டரில் இருந்தவர் என் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "டிஸ்சார்ஜ் ஆன பிறகு எல்லாப் பேப்பரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்" என்று தள்ளிவிட்டார். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் 48 மணி நேரம் கடந்துவிடும் என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் நின்றிருந்தார். "தம்பி, இங்கே பேசிப் பயனில்லை. உள்ளே பொறுப்பு அதிகாரியைப் பாருங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்" என்றார். அதிகாரி இரண்டே நிமிடத்தில் கையெழுத்திட்டார். அந்த ஒற்றைத்தாள் நகல் இல்லையென்றால் எங்கள் கிளெய்ம் அன்றே செத்திருக்கும். அந்தப் பெரியவரின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், அவசர சிகிச்சைச் சான்று, ரத்து செய்த காசோலை என எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுபோனேன். அதே கவுன்டர். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டென்ட் ஸ்டிக்கர் எங்கே? வெளி உறை எங்கே?" என்றார். மருத்துவமனைக்குப் போனேன். "அப்போதே உங்களிடம் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். மறுநாளும் போனேன்; பதிவறைக்காரர் உணவு இடைவேளைக்குப் போனவர் மாலை வரை வரவில்லை. இரண்டு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

இரவு வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது அம்மா பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். உள்ளே மடங்காத ஒரு நீள அட்டைப்பெட்டி. அதன் பக்கவாட்டில் வரிசை எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர், மேலே நீல மையில் அப்பாவின் பெயர். "அந்த நர்ஸ் பொண்ணு கையில் கொடுத்தது. அப்பா பேர் எழுதியிருந்ததே, எப்படித் தூக்கிப் போடுவது?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளெய்ம் ஏற்கப்பட்டது. ஆனால் முழுத் தொகையையும் எதிர்பார்க்காதீர்கள். மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். கட்டண விகிதப்படிதான் தருவார்கள். ஹவில்தார் வரையிலான பதவிக்குப் பொது வார்டுதான் தகுதி. நாங்கள் தனி அறை எடுத்திருந்தோம், அந்த வித்தியாசம் எங்கள் தலையில் விழுந்தது. சேர்க்கும்போதே இதை யாராவது சொல்லியிருந்தால் வார்டையே கேட்டிருப்போம். பல மாதம் கழித்துப் பணம் வந்தபோது, அப்பா பாஸ்புக்கை இரண்டு முறை பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

அடுத்த பரிசோதனைக்குப் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கியாகிவிட்டது. இந்த முறை பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குத்தான் போகிறோம். அந்த மஞ்சள் பை இப்போது பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. அட்டை நகல், முத்திரையிட்ட கடிதம், பாலிகிளினிக் தொலைபேசி எண் எல்லாம் அதற்குள்.