அந்த வரியை மாற்றியது யார்?

ஹட்டனில் நான் வேலை செய்யும் அலுவலகம் தோட்டச் சம்பளக் கணக்கை ஐபிஎம் ஏஎஸ்/400 என்ற வணிகக் கணினி வழிவந்த இயந்திரத்தில்தான் போடுகிறது. செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் (ஒரு நாள் வேலை) விழுவது, அரைப் பேர் (அரை நாள்), மேலதிகக் கொழுந்து, சேமலாப நிதி எல்லாமே ஆர்பிஜி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது 700 ஆக இருந்த அடிப்படை 900 ஆனது. மிச்சம் 100 வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு. அவசரத்தில் பலர் அந்தப் புரோகிராம்களில் கை வைத்தார்கள். பிறகு ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கேட்டார்: "தம்பி, அரைப் பேருக்கு இந்தக் கணக்கு எப்படி வந்தது?" அதைப் போடும் புரோகிராம் வரியில் மாறிய திகதி இருந்தது. மாற்றியவர் பெயர் இல்லை, காரணம் இல்லை, முன்பு அங்கே என்ன இருந்தது என்பதும் இல்லை. கூலிக்குக் கணக்குக் கேட்பவருக்கு அப்படிப் பதில் சொல்லக் கூடாது.

அந்த இயந்திரம் சோர்ஸையும், அதாவது நாம் எழுதும் புரோகிராம் வரிகளையும், டேட்டாபேஸ் ரெக்கார்டாகவே வைக்கிறது. ஒரு வரிக்கு வழக்கமான 92 பைட்டில் 6 வரிசை எண்ணுக்கு, 6 திகதிக்கு, 80 நாம் எழுதுவதற்கு. வரியை மறுபடி தொட்டால் பழைய திகதியும் போய்விடும்.

அதனால் யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளுக்கு மாறினோம். கிட் அதில் ஓடுமா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. நன்றாகவே ஓடும். ஐபிஎம்மின் யூனிக்ஸ் வகையான ஏஐஎக்ஸ் புரோகிராம்களை ஓட்டும் பேஸ் என்ற சூழல் உள்ளேயே இருக்கிறது. யம் என்ற நிறுவும் கருவி வழியாக கிட்டை இறக்கி, தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைய எஸ்எஸ்எச் சேவையை ஏற்றினால் போதும். சோர்ஸை நம் கணினிக்குப் பிரதி எடுக்கும்போது, அதாவது குளோன் செய்யும்போது, "கிட்-அப்லோட்-பேக் இல்லை" என்று நின்றால் பயப்பட வேண்டாம். எஸ்எஸ்எச்சில் வருபவரின் தேடுபாதையில் கிட் இருக்கும் இடம் சேரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பாதையைக் கொடுத்தோம்.

பாடுபட வைத்தது எழுத்துக்குறி. இந்த இயந்திரம் பயன்படுத்தும் ஈபிசிடிக் குறிமுறையில் பெரிய 'ஏ' எழுத்தின் பதினறும எண் சி1, மற்றக் கணினிகளின் ஆஸ்கியில் 41. கிட் இதை மாற்றித் தராது, பைட்டை அப்படியே விழுங்கும். ஆகவே ஒவ்வொரு மெம்பரையும் (ஒரு புரோகிராமின் சோர்ஸையும்) சிபிஒய்டிஓஎஸ்டிஎம்எஃப் கட்டளையால் 1208 என்ற குறிமுறைக்கு, அதாவது யூடிஎஃப்-8க்கு, மாற்றி, வரி முடிவுக் குறியை எல்எஃப் ஆக்கி, இயந்திரத்தின் சாதாரணக் கோப்பு அமைப்பான ஐஎஃப்எஸ்ஸில் வைக்க வேண்டும். மாற்றாமல் ஏற்றினால், இரண்டு பதிப்புகளின் வித்தியாசத்தைக் கேட்கும்போது திரை முழுக்கக் குப்பைதான். சேர்வரைத் தொடுவதற்கு முன்பே இதை முடிப்பது நல்லது.

ஆனால் இந்த மாற்றத்தில் வரிசை எண்ணும் திகதியும் உதிர்ந்துவிடும். எங்கள் மூத்த அண்ணன் ஒருவருக்கு அது மனசு கேட்கவில்லை. "இத்தனை வருசத் திகதியும் போகுதே" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பழைய சோர்ஸ் கோப்புகளை அப்படியே சேவ் ஃபைல் என்ற காப்புக் கோப்பில் எடுத்து, அதன் பெயரை கிட்டின் முதல் கமிட்டில், அதாவது முதல் பதிவில், எழுதி வைத்தோம்.

இப்போது கமிட் செய்தியில் வெறுமனே "திருத்தம்" என்று எழுத யாரையும் விடுவதில்லை. எந்தச் சுற்றறிக்கை, எந்தத் திகதி, யார் கேட்டது என்று வர வேண்டும். தமிழிலேயே எழுதுகிறோம்.