குராசாவின் பவளக் காளான்கள்: டைவ் 19 முதல் 25 வரை

என் லாக்புக்கில் 18 ஸ்கூபா டைவ்கள் முடிந்திருந்தன. பதினெட்டிலும் ஒரே குறை: தண்ணீருக்குள் ஓர் இடத்தில் சும்மா நிற்கத் தெரியாது. நின்றால் இறங்குவேன். இறங்காமல் இருக்கக் காலை உதைப்பேன். உதைத்தால் மேலே போய்விடுவேன். குராசாவ் தீவுக்குப் போனதே இதைச் சரிசெய்யத்தான். வெனிசுவேலாவுக்கு வடக்கே கிடக்கும், டச்சு ராஜ்யத்தைச் சேர்ந்த தீவு. சூறாவளிகள் பெரும்பாலும் இதற்கு வடக்கே விலகிப் போய்விடும். தென்மேற்குக் கரை காற்று மறைவு என்பதால் அலையும் குறைவு. தண்ணீர் 28 டிகிரி. தடுமாறிப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

டைவ் 19, கராகாஸ் பே. சுமார் 5 மீட்டர் ஆழத்தில் ஒரு சின்ன இழுவைப் படகு பவளம் பூத்துக் கிடக்கிறது. எல்லோரும் அதைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் எடை சோதனையில் இருந்தேன். இடுப்பில் 8 கிலோ ஈயம் கட்டியிருந்ததைப் பார்த்து வழிகாட்டிப் பெண் சிரித்தேவிட்டார். சோதனை எளிது. சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது நீர்மட்டத்தில் நின்று, பிசிடியின், அதாவது காற்றடைத்து மிதக்க உதவும் மேலுடுப்பின், காற்றை முழுக்க விட்டுவிட வேண்டும். சாதாரண மூச்சோடு அசையாமல் இருந்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். நான் அம்மிக்கல் மாதிரி போனேன். ஒவ்வொரு கிலோவாகக் கழற்றிக் கழற்றி 5 கிலோவில் வந்து நின்றது.

டைவ் முடியும் நேரத்தில் இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் சுவாசித்துத் தீர்க்கும் காற்றுக்கே கிட்டத்தட்ட 2 கிலோ எடை உண்டு. தொடக்கத்தில் சரியாக இருந்தவர் முடிவில் தக்கை மாதிரி மேலே வருவது அதனால்தான்.

டைவ் 20, 21, பிளாயா கல்கி. தீவின் வடமேற்கு முனை. பெயரைப் பார்த்ததும் எனக்கு வெள்ளைக்குதிரையும் வாளும்தான் நினைவுக்கு வந்தன. பாப்பியாமெந்து மொழியில் கல்கி என்றால் சுண்ணாம்பாம். கரையிலிருந்தே நீந்திப் போய் இறங்கலாம். இங்கே தவளை உதைப்பு பழகினேன். வழக்கமான உதைப்பு மணலைக் கிளப்பும். தவளை உதைப்பில் தண்ணீர் பின்னால் போகும், கீழே போகாது. முதல் டைவில் முழங்கால் வலி, இரண்டாவதில் பரவாயில்லை. 10 மீட்டர் சராசரி ஆழத்தில் 40 நிமிடத்துக்கு 150 பார் தீர்த்தேன். நீர்மட்ட அழுத்தத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 21 லிட்டர் காற்று வருகிறது. வெட்கக்கேடு.

டைவ் 22, காளான் காடு. சாண்டா குரூஸ் பக்கம், படகில்தான் போனோம். சுமார் 15 மீட்டர் ஆழத்தில் ஒரு மேடை. அதன்மேல் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் நட்சத்திரப் பவளங்கள் ஒவ்வொன்றும் ஒரு காளானாக நிற்கின்றன. மேலே அகலமான குடை, கீழே ஒடுங்கிய தண்டு. சில குடைகள் பக்கத்துக் குடையோடு ஒட்டிக் கூரையே ஆகிவிட்டன.

பவளம் ஏன் இப்படி வளர்கிறது என்று முதலில் யோசித்தேன். கேள்வியே தப்பு. அது குன்று மாதிரித்தான் வளர்ந்திருக்கிறது. அடிப்பகுதியில் உயிருள்ள திசு இல்லாத சுண்ணாம்பைத் துளையிடும் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் குடைந்து தின்றுவிட்டன. மேலே வளர்ச்சி, கீழே அரிப்பு. இந்த வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். அப்படியென்றால் இரண்டு மீட்டர் காளானுக்கு வயது சுமார் இருநூறு.

அந்த இருநூறு வயசுக்காரரைத்தான் என் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) இடித்தது. குடைக்கு அடியில் சிவப்புச் சிப்பாய் மீன்கள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கக் குனிந்தேன். கால் தானாக மேலே போயிற்று, பின்பக்கத்துக் காளானில் தட்டியது. உடையவில்லை. ஆனால் வழிகாட்டி சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "பார்க்கணும்னா முதலில் நில்." இடைவேளையில் நீல அறை என்ற கடற்குகைக்குள் நீந்தினார்கள், வெளிச்சம் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்து குகையே நீலமாகிறது. நான் பாதி மனசோடுதான் பார்த்தேன். இடித்த சத்தமே காதில் இருந்தது.

டைவ் 23 வேறு திட்டில், மணல் தரைக்கு மேல் வெறும் மிதப்புப் பயிற்சி. கையைக் கட்டிக்கொண்டு மூச்சால் மட்டும் அரை மீட்டர் ஏறி இறங்குவது. பிடிபட்ட விஷயம் இதுதான்: மூச்சை இழுத்த உடனே உடம்பு ஏறாது, இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் ஏறும். நான் இத்தனை நாள் அந்த இடைவெளியில் பொறுமையிழந்து உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டைவ் 24, 25, மறுபடியும் காளான் காடு. இந்த முறை குடைக்குச் சற்றுத் தள்ளி, தலையைத் தாழ்த்தி, கால்களை மடக்கி நின்றேன். நின்றேன் என்றே எழுதலாம்! சுமார் ஒரு நிமிடம் அசையவில்லை. அப்போதுதான் பச்சை விலாங்கு ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அது முன்பே அங்கேதான் இருந்திருக்கும். இன்னொரு குடைக்கடியில் தலைகீழாக ஒரு சிங்கமீன். நம் மன்னார் வளைகுடாவில் பார்த்தால் ரசிக்கலாம். கரீபியனில் அது வந்தேறி, குட்டி மீன்களை விழுங்கித் தீர்க்கிறது. அழகைப் பார்த்து மயங்கக் கூடாது.

மகிழ்ச்சியில்லாத ஒன்றும் உண்டு. சில குடைகளில் வெள்ளைத் திட்டுகள், அவற்றைச் சுற்றிப் பாசி. 2014இல் புளோரிடாவில் தலைகாட்டிய கல் பவளத் திசு இழப்பு நோய் குராசாவுக்கும் வந்துவிட்டது. நான் பார்த்தது அதுதானா, வெப்பத்தின் வேலையா என்று சொல்லும் கண் எனக்கில்லை. மேலே திசு செத்தால் வளர்ச்சி நிற்கும், கீழே துளைப்பவை நிறுத்தாது. அது மட்டும் புரிகிறது.

டைவ் 25 கணக்கு: சராசரி 11 மீட்டர், 48 நிமிடம், 150 பார். நிமிடத்துக்கு 16.5 லிட்டர். எடை 5 கிலோவே. மேலே வருமுன் 5 மீட்டரில் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் மட்டும் இன்னும் அரை மீட்டர் மேலே நழுவுகிறேன். டைவ் 26இல் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.