நாற்பது வளைவும் ஒரு தூக்குப்போசியும்

வால்பாறை போகலாம் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் யாரும் ஸ்வெட்டரைத் தேடவில்லை. என் மாமியார் கேரி பேக்கைத் தேடினார். மளிகைக்கடைப் பை, மருந்துக்கடைப் பை, தீபாவளித் துணி எடுத்த பை என்று ஒரு கட்டு. ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்து, ஓட்டை இருந்ததைக் கழித்துவிட்டு நல்லதாக மடித்து வைத்தார்.

"மலை ஏறணும்லங்க மாப்ள. சின்னவனுக்கு அஞ்சு வளைவுகூடத் தாங்காது."

திருப்பூரில் கிளம்பி, பல்லடம் வருவதற்குள் "வால்பாறை வந்துருச்சா?" ஆரம்பித்துவிட்டது. பெரியவள் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஒன்றுக்கு வருவது வண்டி ஓடும்போது மட்டும்தான். ஓரம்கட்டி இறக்கிவிட்டால் வராது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் வந்துவிடும். பொள்ளாச்சி தாண்டும்வரை இதே பிழைப்பு. முன்சீட்டில் மாமனார் மட்டும் தோளில் துண்டோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். கொடுத்துவைத்த மனிதர்.

ஆழியாரில் வனத்துறைச் சோதனைச்சாவடி. "வண்டியில பிளாஸ்டிக் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று காவலர் குனிந்தார். மாமியார் சட்டென்று கட்டை எடுத்துத் தனக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் "இல்லீங்க" என்றோம். போன வாரம்தான் பள்ளியில் பிளாஸ்டிக் ஒழிப்பு ஓவியப்போட்டியில் பரிசு வாங்கியவள் சும்மா இருப்பாளா?

"அங்கிள், அம்மாயி உக்காந்திருக்காங்கல்ல, அதுக்குக் கீழ நெறைய இருக்கு."

"பேரன் வாந்தி எடுக்கறதுக்குத்தானுங்க சாமி, வீசறதுக்கு இல்ல" என்று மாமியார் கெஞ்சினார். "எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. எடுத்து முடிச்சு, கட்டி, ஜன்னல் வழியா வீசிட்டுப் போயிடறாங்க. அப்புறம் மானும் குரங்கும் அதைத் திங்குது" என்றார் அவர். நியாயம்தான். கட்டு மொத்தமும் அவர் கைக்குப் போனது.

ஆழியாருக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருக்கிறார்கள். அதை யார் போட்டார்களோ, குழந்தை பெற்றவர்களாக இருக்க முடியாது. பெரியவள் ஏலம் விடுகிற மாதிரி ஒவ்வொன்றையும் கூவினாள். "நாலு! இன்னும் முப்பத்தாறு இருக்குடா தம்பி!" அவள் எண்ண எண்ண இவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியார் அணை தெரிய, நல்ல காற்று. ரோட்டோரச் சுவரில் ஒரு வரையாடு ஏறி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. நம் மாநில விலங்கு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். சின்னவனுக்கு ஒரே சந்தேகம்: "இந்த ஆடு வாந்தி எடுக்குமா?"

எடுக்காது. அவன்தான் எடுத்தான், அடுத்த சில வளைவுகளில். "ஏனுங்க, நிறுத்துங்க!" என்று மனைவி கத்தினாள். எங்கே நிறுத்த? பாதி வளைவில் நிற்கிறேன், எதிரே பஸ் இறங்குகிறது, பின்னால் ஒரு வேன் ஹாரன் அடிக்கிறது.

அப்போது மாமியார் செய்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். முன்னால் எட்டி மாமனார் தோளிலிருந்த துண்டை உருவினார். மடியில் விரித்தார். மதியத்துக்கு வைத்திருந்த தூக்குப்போசியைத் திறந்து புளிசாதத்தை அப்படியே துண்டில் கவிழ்த்தார். காலிப் போசியைப் பேரன் வாய்க்குக் கீழே பிடித்தார். நான் வளைவை முடித்து நேராக்குவதற்குள் போசியும் மூடியாகிவிட்டது. சீட்டில் ஒரு சொட்டு இல்லை.

மாமனார் அட்டகட்டியில்தான் கண் விழித்தார். "என்ன, துண்டுல சோறு கட்டியிருக்கு?" "பேசாம சாப்பிடுங்க." சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குகள் ரோட்டில் அடிபடாமல் இருக்க, மரத்துக்கு மரம் மேலே பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு குரங்குக்கூட்டம் அதில் ஒய்யாரமாக நடந்து போனது. வயிறு காலியான சின்னவன் கைதட்டிச் சிரித்தான். தேயிலைத் தோட்டமெல்லாம் நாங்கள்தான் பார்த்தோம். அவர்கள் இருவரும் விடுதி அறையில் கட்டிலுக்குக் கட்டில் தாவினார்கள். அதை வீட்டிலேயே செய்திருக்கலாம்.

போசியை மாமியார் புளி போட்டு, சாம்பல் போட்டு, வெயிலில் காயவைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். சென்ற வாரம் அதில்தான் பாயசம் கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் மனைவி என்னைப் பார்த்தாள். நான் போசியைப் பார்த்தேன். பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அவளை வெளியே விளையாட அனுப்பினேன்.

"யாருக்குமே வேண்டாமா? நல்லாத்தான இருக்கு" என்றபடி மாமனார் மூன்றாவது டம்ளரை நீட்டினார்.