வெற்றுக் குழாய் காட்டிக்கொடுத்த தைல வாசம்

3 நாள் உழைப்பு, பம்பால் காற்றை இழுத்துப் பிடித்த 18 குழாய்கள், எல்லாம் வீண். சத்தியமங்கலம் காட்டில் மூங்கில் இலை வெளிவிடும் ஐசோப்ரீன், மோனோடெர்பீன் என்ற ஆவிப் பொருள்களை அளக்கப் போயிருந்தோம். காற்றில் என்னென்ன வேதிப்பொருள் என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியின் வரைபடம் ஆய்வகத்திலிருந்து வந்தது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது சினியோல். நீலகிரித் தைலத்தின் முக்கியச் சரக்கே அதுதான். ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் ஒரு தைலமரம்கூட இல்லை.

அந்த 3 நாள் கிடைப்பதற்கே பட்ட பாடு தனி. அனுமதிக் கடிதத்தில் ‘இலை சேகரிப்பு’ என்று மட்டும் இருந்தது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போன பிறகு, பம்ப், பேட்டரி பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுக் கடிதத்துக்கு 11 நாள். விண்ணப்பத்திலேயே ஒவ்வொரு கருவியின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

சரி, சினியோல் எங்கிருந்து வந்தது? காற்றே இழுக்காமல், காட்டில் சும்மா திறந்து மூடிய வெற்றுக் குழாயிலும் அதே சினியோல்! அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடன் வந்த வனக் காவலர் அண்ணன் தலைவலிக்குத் தைலம் தேய்த்திருந்தார். குழாய் மூடிகளைக் கழற்றித் தந்ததும் அவர்தான். “ஏனுங்க அம்மிணி, என்ற கையில இருந்த தைலமுங்களா?” என்று அவர் கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

தைலத்தில் பைனீன் என்ற மோனோடெர்பீனும் இருப்பதால் மோனோடெர்பீன் எண்களை நம்ப முடியாது. ஐசோப்ரீனையாவது காப்பாற்றலாம் என்றால், குழாய்களில் நிரப்பியிருந்தது டெனாக்ஸ் என்ற உறிஞ்சி மட்டும். 34 டிகிரியிலேயே கொதிக்கும் ஐசோப்ரீன் அதில் தங்காது. கரி வகை உறிஞ்சியும் சேர்ந்த குழாய்தான் வாங்க வேண்டும்.

இரண்டாம் முறை கையுறை, புதுக் குழாய்கள். வாசனை சோப்புக்கூட யாரும் போடவில்லை. இலையின் ஆவியைப் பிடிக்கும் டெஃப்லான் பையை முந்தின நாள் மாலையே கிளையில் மாட்டிவிட்டு, அப்புறம் இலையைத் தொடவே இல்லை. கசங்கினால் அளவு தாறுமாறாகும். யானைக்கு மூங்கில் என்றால் உயிர். கிளை மிஞ்சுமா என்று விடியும்வரை தூக்கமில்லை. மிஞ்சியது.

நல்ல வெயிலில் 12 மணிக்கு எடுத்த குழாயில் ஐசோப்ரீன் உச்சத்தில் இருந்தது. மேகம் மூடிய 1.20 மணிக் குழாயில் பாதிக்கும் கீழே. மூங்கில் அதைச் சேர்த்து வைப்பதில்லை. வெளிச்சத்தில் செய்து, செய்த கையோடு விட்டுவிடுகிறது. அது என் வரைபடத்திலேயே தெரிந்தது.

வெற்றுக் குழாயின் கோடு தரையோடு படுத்திருந்தது. முதலில் அந்த அண்ணனுக்குத்தான் ஃபோன் போட்டேன்.