சிஏ 15-3 கூடுதலாக வந்தபோது

பெண்களுக்கான முழு உடல் பரிசோதனை என்று சலுகை விலையில் பேக்கேஜ் போடுவார்களே, அதில் ஒன்றை எடுத்தேன். வயது 47. உடம்பு கொஞ்ச நாளாக அசதியாக இருந்தது, அவ்வளவுதான். வாட்ஸ்ஆப்பில் ரிப்போர்ட் வந்தது. கடைசிப் பக்கத்தில் சிஏ 15-3 என்ற புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனையின் வரி தடித்த எழுத்தில் 41 என்றது. இயல்பு அளவு 30க்குள். லேபுக்குப் போன் செய்தால், "டாக்டரைப் பாருங்க மேடம்" என்பதோடு சரி. கூகுளில் தட்டினால் முதல் வரியிலேயே மார்பகப் புற்றுநோய்.

"உடனே பெட் ஸ்கேன் எடுத்துடலாம் அண்ணி" என்றாள் நாத்தனார். உடம்பு முழுக்கப் புற்றுநோயைத் தேடும் ஸ்கேன் அது. நல்லவேளை, அதற்கு முன் மார்பக அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனோம்.

அவர் ரிப்போர்ட்டை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மா, சித்தி, அக்கா யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று விசாரித்தார். அப்புறம் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொல்லி, அக்குள் வரை விரல்களால் அழுத்திப் பார்த்தார். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. "இந்த டெஸ்ட் நோய் இருக்கிறவங்களுக்கு மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க உதவும். நல்லா இருக்கிறவங்ககிட்ட நோயைத் தேட இல்லம்மா. ஆரம்ப நிலைப் புற்றுநோய் இருக்கிற நிறைய பேருக்கு இது நார்மலாத்தான் இருக்கும்" என்றார். பயம் பாதி குறைந்தது. ஆனால் இதை எதற்குப் பேக்கேஜில் சேர்க்கிறார்கள் என்ற எரிச்சல் வந்தது.

இருந்தாலும் இந்த வயதுக்கு ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துவிடலாம் என்றார். எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெண் முதலில் கேட்டது, "பவுடர், ஸ்ப்ரே ஏதாவது போட்டிருக்கீங்களா?" ஸ்ப்ரேயில் உள்ள அலுமினியம், சில புற்றுநோய்களில் தெரியும் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே படத்தில் தெரியுமாம். ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படம். தட்டு இறங்கி அழுத்தும் அந்தச் சில விநாடி வலிக்கத்தான் செய்கிறது. திசு அடர்த்தியாக இருந்ததால் அல்ட்ராசவுண்டும் பார்த்தார்கள். முடிவு, மார்பகப் படங்களுக்குக் கொடுக்கும் பைராட்ஸ் என்ற தரவரிசையில் 2: சாதாரண நீர்க்கட்டிகள், பயப்பட ஒன்றுமில்லை.

சரி, அந்த 41 எங்கிருந்து வந்தது? மருத்துவர் இப்போதுதான் லேப் ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஹீமோகுளோபின் 9.2, சிவப்பணுக்களின் அளவைச் சொல்லும் எம்சிவி இயல்பைவிடக் கூடுதலாக 114, பி12 வெறும் 110. நாங்கள் சுத்த சைவம், அதனால் பி12 குறைய வாய்ப்பு அதிகமாம். பி12 குறைவால் வரும் ரத்தசோகையிலும் சிஏ 15-3 ஏறுவதுண்டாம், கல்லீரல் கோளாறிலும் ஏறலாமாம். கடைசிப் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் யார் கண்ணிலும் முதல் பக்கம் படவில்லை.

பயோடெக் படிக்கும் என் மகள் விடவில்லை. எச்சிலிலும் கண்ணீரிலும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற குட்டி மரபணு மூலக்கூறுகளைத் தேடுகிறார்களே, ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைப் பிடிக்கிறார்களே என்று கேட்டாள். ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் சின்னக் கட்டி ரத்தத்தில் விடும் டிஎன்ஏ மிகக் கொஞ்சம், எடுக்கும் ஒரு குப்பி ரத்தத்தில் அது சிக்காமலே போகலாம் என்றார் மருத்துவர். முலைக்காம்புத் திரவப் பரிசோதனை மேமோகிராமுக்கு மாற்று இல்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013லேயே எச்சரித்ததையும் சொன்னார்.

பிறகு மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வைப் பற்றிச் சொன்னார். எனக்கு மனதில் நின்றது அதுதான். 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். ஊசி இல்லை, இயந்திரம் இல்லை. 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பி12 ஊசி போட்டுக்கொண்டேன். ரத்தம் தேறியதும், தேவையில்லை என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் என் கணவருக்காக சிஏ 15-3ஐ ஒரு முறை திரும்பப் பார்க்க அனுமதித்தார்: 22.

அடுத்த பேக்கேஜ் சலுகைக்கு லேபிலிருந்து அழைத்தபோது, புற்றுநோய்க் குறியீட்டை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். எடுத்தாலும் விலை அதேதான் என்றார்கள். ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, தைராய்டு, பி12 மட்டும் தனித்தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னேன்.