யூபா சிட்டி முகாம்: நாட்குறிப்பு

செப்டம்பர் 28, 2024, சனி

அடுத்த ஞாயிறன்று கலிபோர்னியாவின் யூபா சிட்டி குருத்வாராவில் பஞ்சாபிக் குடும்பங்களுக்காக நடக்கவிருக்கும் இலவச மருத்துவ முகாமின் ஆயத்தக் கூட்டத்துக்குச் சாக்ரமெண்டோவிலிருந்து போய்வந்தேன். வழியெல்லாம் வால்நட் அறுவடை. மரங்களை உலுக்கும் இயந்திரங்கள் கிளப்பிய புழுதியில் சாலையே மங்கலாகத் தெரிந்தது. பஞ்சாபியர் நூறாண்டுக்கும் மேலாக மண்ணோடு பாடுபட்டுவரும் ஊர் அது.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் பெரும்பாலான நேரம் கழிந்தது. குருத்வாராவுக்கு வருகிறவரிடம் தேநீர் குடிக்காதீர்கள் என்று சொல்வது நடக்கிற காரியமா என்று மூத்த செவிலி ஒருவர் கேட்டதும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய, இரத்தச் சர்க்கரையின் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனையே போதும் என்று முடிவாயிற்று. படிவத்தில் அதிக எடைக்கான உடல் நிறைக் குறியீடு 25 என்று அச்சாகியிருந்தது. ஆசியர்களான நம்மவர்களுக்கு 23-லேயே நீரிழிவைச் சோதிக்கத் தொடங்க வேண்டும் என்பதால், அத்தனை படிவங்களிலும் பேனாவால் அடித்துத் திருத்தினோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

இரத்த அழுத்த மேசை எனக்கு. என் இந்தி அங்கே பாதிதான் செல்லுபடியாகும் என்பதால் கல்லூரி மாணவி ஒருத்தி உடனிருந்து மொழிபெயர்த்தாள்.

டிரக் ஓட்டும் ஒருவர், சட்டைக் கையை மடிப்பதற்கு முன்பே, "இந்தக் கணக்கு யாருக்குப் போகும்?" என்று கேட்டார். யாருக்கும் போகாது என்று உறுதி சொன்ன பிறகே கையை நீட்டினார்: 164/102. அவருடைய பயம் வீண் பயமன்று. அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால்தான் ஓட்டுநரின் மருத்துவச் சான்று இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். இவர் அளவுக்கு, குறைத்துக்கொள்ள மூன்று மாத அவகாசம் மட்டுமே தருவார்கள். மாத்திரை எடுப்பதே சான்றைப் பறித்துவிடும் என்று நினைத்திருந்தார். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் உரிய மருத்துவ ஒப்புதலோடு ஓட்டலாம் என்று 2018-இலேயே விதி மாறிவிட்டதைச் சொன்னபோது, வரிசையில் பின்னால் நின்றவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

கல்லீரல் அழற்சி சி மேசையில் கூட்டமே இல்லை. சிற்றூர்களில் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்ட காலத்தின் விளைவாகப் பஞ்சாபில் இந்நோய் பரவியதும், அதற்கு இலவச சிகிச்சை தர மாநில அரசு 2016-இல் தனி நிதி தொடங்கியதும் இங்குள்ள இளையவர்களுக்குத் தெரிவதில்லை. அங்கே வந்த ஒரு பெரியவரிடம் மதுப் பழக்கம் பற்றிக் கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தபடி "எப்போதாவது" என்றார். மகள் தேநீர் எடுக்கப் போனதும் நான்கு விரல்களைக் காட்டினார்.

பகல்வரை பெண்கள் மிகச் சிலரே வந்தார்கள். ஓட்டுநரைச் சான்றுக்காகவாவது யாரோ பரிசோதிக்கிறார்கள். வீட்டுப் பெண்களை அப்படிக் கட்டாயப்படுத்துகிறவர் யாருமில்லை. ஆகவே கருவியைத் தூக்கிக்கொண்டு குருத்வாராவின் இலவசப் பொது உணவான லங்கர் தயாராகும் சமையலறைக்கே போனோம். ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பீபிஜி (மூத்த பெண்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் அழைக்கிறார்கள்), மாவுக் கையைக் கழுவிவிட்டு விரலை நீட்டினார். ஏ1சி 9.1. நீரிழிவுக்கு எல்லை 6.5. "சுகர்தானே, யாருக்குத்தான் இல்லை?" என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டையைக் கையில் எடுத்தார். அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

மறுபடி அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைப் பிரித்துக்கொண்டோம். பெண்களில் பலர் மகனுடைய எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த மகன்களில் பாதிப் பேர் இப்போது ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் இருப்பார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

டிரக் ஓட்டுநர் மாத்திரையைத் தொடங்கிவிட்டார். வீட்டிலேயே அளந்து, தேதியோடு குறித்துவைக்கிறாராம்.

பீபிஜியின் மகன் மூன்றாவது முயற்சியில்தான் கிடைத்தார். நவம்பர் முதல் ஞாயிறன்று நகர் கீர்த்தன் என்னும் சீக்கியர் ஊர்வலம், அதற்கு ஊரே திரண்டு வரும், அம்மா சமையலை விட்டு நகரமாட்டார், பிறகு பார்க்கலாம் என்றார். 1980 முதல் நடந்துவரும் ஊர்வலத்தோடு நான் போட்டியிட முடியாது. ஆனால் "பிறகு" என்பதற்கு ஒரு தேதி வேண்டும் என்று விடாமல் கேட்டதில், சலித்துப்போய் அம்மாவின் எண்ணையே கொடுத்துவிட்டார். மாணவியையும் இணைப்பில் வைத்துக்கொண்டு அழைத்தேன். நவம்பர் 7, வியாழன், காலை 10 மணி என்று நான் சொல்ல, பீபிஜி நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொல்லியபடி எழுதிக்கொண்டார். பின்னணியில் குக்கர் விசிலடித்தது.