டாக்ஸ் தனித்தனியா ஃபைல் பண்ணோம், கிரீன் கார்டு கேஸ் என்னாச்சுனு கேக்குறவங்களுக்காக

கல்யாணம் மூலமா கிரீன் கார்டு எடுக்குறவங்களுக்கு சுத்தி இருக்குறவங்க எல்லாரும் சொல்ற முதல் அட்வைஸே "டாக்ஸ் ஜாயின்ட்டா போட்ருங்க, செபரேட்னு போட்டா கேஸ் அவ்ளோதான்"ங்கிறதுதான். (ஜாயின்ட்னா புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஒரே ரிட்டர்ன், செபரேட்னா ஆளுக்கொரு ரிட்டர்ன்.) எனக்கும் அதையேதான் சொன்னாங்க. ஆனா எங்க வீட்ல ஜாயின்ட், செபரேட் ரெண்டும் போட்டிருக்கோம், அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் சிங்கிள்னு, அதாவது கல்யாணம் ஆகாதவர்னு தப்பா போய் அதைத் திருத்தியும் இருக்கோம். இது எல்லாத்தோடயும்தான் ஐ-130ங்கிற முதல் மனுல இருந்து சிட்டிசன்ஷிப் வரைக்கும் வந்து சேர்ந்தோம். இந்த விஷயத்துல பயந்துபோய் நிறைய பேர் தேவையில்லாம பணத்தை இழக்குறாங்க, இன்னும் சில பேர் பயப்பட வேண்டிய இடத்துல அலட்சியமா விட்டுடறாங்க, அதான் விவரமா எழுதுறேன்.

எங்க கல்யாணம் 2015 நவம்பர்ல மதுரைல நடந்துச்சு. வீட்டுக்காரர் சின்ன வயசுலயே அப்பா அம்மாவோட ஒஹாயோ வந்தவங்க, சிட்டிசன். ஃபார்மசி படிச்சு அதுக்கு வாங்குன ஸ்டூடன்ட் லோன் மலை மாதிரி இருந்துச்சு, இந்த லோன்தான் பின்னாடி எல்லாத்துக்கும் காரணம், கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல அவங்க திரும்பிப் போயிட்டாங்க, 2016 ஆரம்பத்துல எனக்காக ஐ-130 போட்டாங்க. அந்த ஏப்ரல்ல 2015க்கான டாக்ஸை வழக்கமா போற ஒரு டாக்ஸ் ஆள் கிட்டயே குடுத்திருக்காங்க. கல்யாணம் ஆயிடுச்சுனு இவங்க சொல்லியும் அந்த ஆள் "ஒய்ஃப் இந்தியாலதான இருக்காங்க, சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் இல்ல, அவங்க வர்ற வரைக்கும் சிங்கிள்தான்"னு சொல்லி சிங்கிள்னே அனுப்பிட்டாரு.

அது சட்டப்படி தப்பு. டிசம்பர் 31ஆம் தேதி நீங்க கல்யாணமானவரா இல்லையாங்கிறதுதான் கணக்கு. டிசம்பர் 30ல தாலி கட்டியிருந்தாலும் அந்த வருஷம் முழுக்க நீங்க மேரிட். மனைவி எந்த நாட்டுல இருக்காங்க, நம்பர் இருக்கா இல்லையாங்கிறது அதை மாத்தாது. இதைக் கண்டுபிடிச்சது எங்க லாயர் மேடம். ஐ-864ங்கிற ஸ்பான்சர் ஃபார்மோட கடைசி வருஷ டாக்ஸ் ரிட்டர்ன் வைக்கணும்ல, அதுக்காக ஐஆர்எஸ்ங்கிற அமெரிக்க வரித் துறை கிட்ட டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ரிட்டர்னோட பதிவை எடுத்து அனுப்புனதும் ஃபோன் பண்ணிட்டாங்க. "ஐ-130ல நவம்பர்ல கல்யாணம் ஆச்சுனு கையெழுத்து போட்டிருக்கீங்க, டிசம்பர்ல கல்யாணம் ஆகலைனு ஐஆர்எஸ் கிட்டயும் கையெழுத்து போட்டிருக்கீங்க, ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கப் போகுது, இதை இப்பவே சரி பண்ணுங்க"ன்னாங்க.

திருத்துறதுக்கு 1040-எக்ஸ்னு ஒரு ஃபார்ம். அப்போ பேப்பர்ல போஸ்ட்லதான் அனுப்பணும். எங்களுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, என்னையும் அமெரிக்க ரெசிடென்ட் மாதிரி நடத்துங்கனு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஜாயின்ட்டா போடுறது, அப்படிப் போட்டா மதுரைல நான் வாங்குன சம்பளம், எஃப்டி வட்டி எல்லாத்தையும் அங்க காட்டணும், எனக்கு டபிள்யூ-7 ஃபார்ம் போட்டு ஐடிஐஎன்ங்கிற வரி நம்பர் வாங்கணும். இன்னொண்ணு மேரிட் ஃபைலிங் செபரேட்லி, அதுல என் பேரை எழுதி நம்பர் போடுற இடத்துல என்ஆர்ஏ, அதாவது நான்-ரெசிடென்ட் ஏலியன்னு எழுதிட்டா போதும். ரெண்டாவதுதான் பண்ணோம். டாக்ஸ் கொஞ்சம் கூட வந்துச்சு, கட்டிட்டாங்க.

இதுல ஒரு நுணுக்கம், திருத்துன பிறகும் ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் எடுத்தா பழையபடி சிங்கிள்னே காட்டும், ஏன்னா அது முதல்ல அனுப்புனதோட நகல். திருத்தம் பதிவானது அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட்லதான் தெரியும். ரெண்டையும் சேர்த்து, 1040-எக்ஸ் காப்பி, போஸ்ட் பண்ண ரசீது, செக் காப்பி எல்லாம் வச்சுதான் என்விசிக்கு, அதாவது விசா பேப்பரைச் சரிபாக்குற மையத்துக்கு அனுப்புனோம். மும்பை கான்சுலேட்ல 2017 பிப்ரவரில இன்டர்வியூ, அந்த ஆபீசர் டாக்ஸ் பேப்பரைப் புரட்டிப் பாத்துட்டு திருத்தம் எப்போ பண்ணீங்கனு மட்டும் கேட்டாங்க, தேதியைச் சொன்னேன், அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. கேள்வி வர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணி வச்சிருந்ததுக்குப் பலன் அதுதான்னு நான் நம்புறேன்.

மார்ச்ல வந்து இறங்கினேன். கல்யாணமாகி ரெண்டு வருஷம் முடியாததால ரெண்டு வருஷ கண்டிஷனல் கார்டு, அது முடியுறதுக்கு முன்னாடி 90 நாளுக்குள்ள ஐ-751 போட்டு கண்டிஷனை எடுக்கணும், நிஜமாவே சேர்ந்து வாழுறோம்னு காட்டணும். 2017க்கு ஜாயின்ட்டா போட்டோம். வருஷ ஆரம்பத்துல நான் நான்-ரெசிடென்ட், முடிவுல ரெசிடென்ட், அதனால ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ஒரு ஸ்டேட்மென்ட் இணைச்சு, ஜனவரி பிப்ரவரில இந்தியாவுல வாங்குன சம்பளத்தையும் காட்டி, அங்க பிடிச்ச டிடிஎஸ்க்கு ஃபாரின் டாக்ஸ் கிரெடிட், அதாவது வெளிநாட்டுல கட்டுன வரிக்கான கழிவு எடுத்தோம்.

அப்புறம்தான் பிரச்சனை. 2018ல எனக்கு நல்ல சம்பளத்துல ஐடி வேலை கிடைச்சிருச்சு. வீட்டுக்காரர் வேலை பாக்குறது கவுன்ட்டி ஹாஸ்பிடல்ல, அரசு வேலை மாதிரி, அதனால மாசாமாசம் ஒழுங்கா 120 தவணை கட்டுனா மிச்ச லோனைத் தள்ளுபடி பண்ற திட்டத்துல இருக்காங்க. தவணை எவ்ளோங்கிறது வருமானத்தை வச்சு. ஜாயின்ட்டா ஃபைல் பண்ணா என் சம்பளமும் அந்தக் கணக்குல சேரும், செபரேட்டா போட்டா அவங்க சம்பளம் மட்டும்தான். ரெண்டு பேருக்கும் வருமானம் ஓரளவு பக்கத்துல இருந்ததால டாக்ஸ்ல பெரிய வித்தியாசம் இல்ல, ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 2018ல ஜாயின்ட்னா 24,000, செபரேட்னா ஆளுக்கு 12,000 டாலர், கூட்டுனா அதேதான். ஆனா லோன் தவணை ஜாயின்ட்ல மாசத்துக்கு பல நூறு டாலர் கூடுது. (எல்லா வீட்டுக்கும் இப்படி வராதுங்க. செபரேட் போட்டா காலேஜ் படிப்புக்கான கிரெடிட், லோன் வட்டிக் கழிவு, மார்க்கெட்பிளேஸ் இன்சூரன்ஸ் மானியம் இதெல்லாம் போயிரும், கணக்கு போட்டுப் பாத்துட்டு முடிவெடுங்க.)

வீட்டுக்காரர் பயந்துட்டாங்க. "போன வருஷம் ஜாயின்ட், இந்த வருஷம் செபரேட்னா நாம பிரிஞ்சுட்டோம்னுல நினைப்பாங்க, விடுமா, காசு போனா போகட்டும், ஜாயின்ட்டே போட்ரலாம்"ன்னாங்க. எனக்கு மனசு வரல. பத்து வருஷத்துக்கு உள்ள பணங்க அது. லாயர் மேடம் கிட்ட கேட்டோம், அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன், "செபரேட்ங்கிறது சட்டம் குடுத்த வழி, அதுக்காக யாரும் கேஸை தள்ளமாட்டாங்க. ஆனா ஜாயின்ட் ரிட்டர்ன்ங்கிற ஒரு நல்ல ஆதாரத்தை நீங்களே கையை விட்டு விடுறீங்க, அந்த இடத்தை வேற பேப்பரால ரொப்பணும், ஏன் பண்ணீங்கங்கிறதுக்கு எழுத்துல காரணம் இருக்கணும்."

அதனால 2019 ஜனவரில ஐ-751 போட்டப்போ கையில இருந்த 2017 ஜாயின்ட் ரிட்டர்னை வச்சோம், ரசீதுல 18 மாசம் நீட்டிச்சுக் குடுத்தாங்க, இப்போ போடுறவங்களுக்கு அது 48 மாசம். அதுக்கப்புறம் வந்த 2018, 2019 செபரேட் ரிட்டர்ன்களை இன்டர்வியூக்கு எடுத்துட்டுப் போக ஒரு தனி ஃபோல்டர் ரெடி பண்ணேன். லோன் கம்பெனில இருந்து தவணைத் திட்டத்தோட லெட்டர், சிபிஏ, அதாவது எங்க கணக்காளர் கிட்ட ஜாயின்ட்ல இவ்ளோ செபரேட்ல இவ்ளோனு ஒரு பக்கக் கணக்கு. இது எல்லாத்தையும் விட நான் பெருசா நினைச்சது எங்க பேங்க் ஸ்டேட்மென்ட். ரெண்டு பேர் சம்பளமும் ஒரே ஜாயின்ட் அக்கவுன்ட்லதான் விழும், அதே அக்கவுன்ட்ல இருந்துதான் வாடகை, கரன்ட் பில், கார் இன்சூரன்ஸ், அந்த ஸ்டூடன்ட் லோன் எல்லாம் போகும். லோன் போற லைனை ஒவ்வொரு மாசமும் மஞ்சள் ஹைலைட்டர்ல கோடு போட்டு வச்சேன். வரி தனித்தனி, உலை ஒண்ணுதான்னு பாத்த உடனே தெரியணும்ல.

செபரேட் ரிட்டர்ன்லயே ஒரு ஆதாரம் இருக்கு, பல பேர் கவனிக்கிறதில்ல. அதுல துணையோட பேரும் நம்பரும் எழுதியாகணும், அட்ரஸும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கும். ஆனா வெறும் டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, 2018 செப்டம்பர்ல இருந்து அதுல கடைசிப் பேர்ல நாலு எழுத்து, நம்பர்ல கடைசி நாலு இலக்கம்தான் தெரியும். நம்மாளுங்களுக்கு புருஷனுக்கு அவங்க அப்பா பேர், பொண்டாட்டிக்கு அவங்க அப்பா பேர்தான் சர்நேம், அதை வச்சு யாரும் குடும்பம்னு கண்டுபிடிக்க முடியாது. 1040ங்கிற ரிட்டர்ன் ஃபார்மோட முழு காப்பியும் வேணும்.

இடையில 2020ல என்-400ங்கிற சிட்டிசன்ஷிப் விண்ணப்பமும் போட்டுட்டேன், சிட்டிசனைக் கட்டுனவங்களுக்கு மூணு வருஷத்துலயே தகுதி வந்துரும், 90 நாள் முன்னாடியே போடலாம். கொரோனாவால மார்ச்ல ஆபீசெல்லாம் மூடி ஜூன்ல திறந்து, ரெண்டு கேஸுக்கும் சேர்த்து இலையுதிர் காலத்துல கொலம்பஸ்ல கூப்பிட்டாங்க. மாஸ்க் போட்டுட்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீசர், பொறுமையானவர். ரிட்டர்னை வரிசையா வச்சுட்டு நேராவே கேட்டார், 2017ல ஜாயின்ட், அப்புறம் ரெண்டு வருஷம் செபரேட், ஏன்? ஸ்டூடன்ட் லோன்னு சொல்லி லெட்டரை நீட்டினேன். மாசம் எவ்ளோ கட்டுறாருனு என்கிட்டதான் கேட்டார், வீட்டுக்காரர் கிட்ட இல்ல. சொன்னேன். பேங்க் ஸ்டேட்மென்ட்ல மஞ்சக் கோட்டைப் பாத்தார், தொகை சரியா இருந்துச்சு, ரெண்டு ரிட்டர்ன் அட்ரஸையும் விரலை வச்சு ஒப்பிட்டுப் பாத்தார், அவ்ளோதான். என்-400ல டாக்ஸ் பாக்கி இருக்கா, எப்பயாவது ஃபைல் பண்ணாம விட்டிருக்கீங்களா, நான்-ரெசிடென்ட்னு ஃபைல் பண்ணீங்களானு கேள்வி வரும், கிரீன் கார்டு வாங்குன பிறகு ஒருத்தர் தன்னை நான்-ரெசிடென்ட்னு போட்டுக்கிட்டா கார்டையே விட்டுக்குடுத்த மாதிரி ஆகலாம், அதுல கவனமா இருங்க. அன்னைக்கே ரெண்டும் அப்ரூவ்.

நிஜமா பயப்பட வேண்டியது ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், அதாவது துணை இல்லாம தனியா குடும்பத்தை நடத்துறவர்னு ஃபைல் பண்றதுக்குத்தான். எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் குழந்தை இருக்கு, ரீஃபண்ட் கூட வரும்னு யாரோ சொல்லி அதைப் போட்டுட்டாரு. ஒரே வீட்ல இருக்குற புருஷன் பொண்டாட்டி அதைப் போடக் கூடாது, வருஷத்தோட கடைசி ஆறு மாசம் பிரிஞ்சு இருந்தாதான் அதுக்குத் தகுதி. அதாவது ஐஆர்எஸ் கிட்ட பிரிஞ்சு இருந்தோம்னு சொல்லிட்டு யுஎஸ்சிஐஎஸ்ங்கிற குடியேற்றத் துறை கிட்ட சேர்ந்து வாழுறோம்னு சொன்ன மாதிரி ஆயிருச்சு, அவரை ரெண்டாவது இன்டர்வியூக்குக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சு கேட்டாங்க. திருத்தி, வாங்குன ரீஃபண்டை வட்டியோட கட்டிதான் முடிஞ்சுது. (மனைவி இன்னும் இந்தியாவுல நான்-ரெசிடென்டா இருந்து, இங்க குழந்தை உங்ககூட இருந்தா கதை வேற, அதுக்கு விதிவிலக்கு இருக்கு.)

டெக்சாஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் பக்கம் இருக்குறவங்களுக்கு ஒண்ணு, அங்க கம்யூனிட்டி பிராப்பர்ட்டி சட்டம், அதாவது சம்பாத்தியம் ரெண்டு பேருக்கும் பொதுங்கிற சட்டம், செபரேட் போட்டாலும் ரெண்டு பேர் சம்பாத்தியத்தையும் பாதிப் பாதியா பிரிச்சு 8958ங்கிற ஃபார்ம்ல காட்டணும், எங்க கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கடைசியா, செபரேட்டா போட்டுட்டு பின்னாடி மனசு மாறுனா மூணு வருஷத்துக்குள்ள 1040-எக்ஸ் போட்டு ஜாயின்ட்டா மாத்திக்கலாம். ஜாயின்ட்ல இருந்து செபரேட்டுக்கு, ஃபைல் பண்ற கெடு தேதி தாண்டிருச்சுனா மாத்த முடியாது. அதனால எதுனு தெரியாம குழம்புறவங்க முதல்ல செபரேட் போட்டுட்டு லாயரையும் சிபிஏவையும் கேட்டு முடிவெடுக்க நேரம் இருக்கு. ஏற்கனவே சிங்கிள்னு போயிருந்தா மட்டும் காத்திருக்காதீங்க, ஐ-864 அனுப்புறதுக்கு முன்னாடியே திருத்தி, போஸ்ட் ரசீதுல இருந்து அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட் வரைக்கும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க.